பூட்டுக் கம்பியின் ஓட்டையில் எலுமிச்சம்பழம்

கண்ணா என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. இன்றைக்கு வேண்டாம். நான் கோபமாக இருக்கிறேன், அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. புனேயில் ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு நீ சனிக்கிழமை வந்து இறங்கியதும் உன் அப்பா இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பார். உட்கார்ந்து முழுசாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் அப்பா காபி டம்ளரோடு நடுவில் வந்து நிற்பார், நீ அதைக் குடித்துக்கொண்டே நழுவிவிடுவாய். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன் உங்கள் இரண்டு பேரையும்.

பிக்கப் முதுகில் வீடு வைத்த உன் வண்டி தயார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தேடித்தான் பக்கத்தைப் புரட்டுவாய். நாலு சிலிண்டருக்கும் சீல் மாற்றியாகிவிட்டது, ஹோஸ் எல்லாம் புதுசு, கூரை நேராக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்யாவையும் குழந்தை யாழினியையும் ஏற்றிக்கொண்டு நீ ஏற்காடு கிளம்புவதாக இருக்கிறாய். வண்டி கிளம்பும். அவர்கள் ஏறுவார்களா என்பது வேறு. அதற்காகத்தான் இவ்வளவு எழுதப்போகிறேன்.

சாவியைக் கொடுத்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "முன்னாடி இடது மூலை லேசா இறங்குதும்மா. சீல் மாத்தினா போதும்." லேசாக. அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். நித்யா கையில் கட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவளுக்கு என்ன ஆச்சு என்றேன். "கதவும்மா, பீச் காத்துல படார்னு சாத்திடுச்சு" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வலியாக இருக்கும் என்று நினைத்தேன். நீ ஊரிலிருந்து வரும்வரை அவளும் குழந்தையும் மேற்கு மாம்பலத்தில் எங்களோடு இருக்கட்டும் என்று நீயே ஏற்பாடு செய்தபோது, பரவாயில்லையே, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று மனசுக்குள் உன்னை மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நம் தெருவில் ஆட்டோ திரும்பவே இன்னொரு ஆட்டோ பின்னால் போக வேண்டும். உன் வண்டியை எங்கே நிறுத்தி வேலை பார்ப்பது? வடபழனியில் உன் அப்பாவின் சிநேகிதர் ஷூட்டிங் கேரவன்களை நிறுத்தி வைக்கிற காலி இடத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். காலையில் டிபன் டப்பாவோடு போய்விடுவேன், வெயில் தாழ்ந்ததும் திரும்புவேன். அங்கே இருக்கிற டிரைவர்களுக்கு முதல் நாள் வேடிக்கை. "இன்னா மேடம், நீங்களே கழட்டுவீங்களா" என்றார்கள். நீங்களே சமைத்துச் சாப்பிடுகிறீர்களே, அந்த மாதிரிதான் என்றேன். அப்புறம் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

என் வேலை என்ன என்று நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. கல்யாண வீடுகளில் உன் அப்பா "ஆஸ்பத்திரியில வேலை" என்று நிறுத்திக்கொள்வார். கேட்டவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று என்னிடம் வந்து கேட்பார்கள். ஆனால் உனக்குத் தெரியும். டிப்ளமா முடித்ததிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை ஆபரேஷன் மேஜையும் பல் டாக்டர் நாற்காலியும் ரிப்பேர் பார்த்தவள் நான். பள்ளிக்கூட லீவில் அடையாறு கிளினிக் ஒன்றுக்கு உன்னை அழைத்துப்போய், வேலை முடிந்ததும் அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றி இறக்குவேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிப்பாய். மயக்க மருந்து கொடுத்த ஒருவர் மேஜைமேல் படுத்திருக்கும்போது அந்த மேஜை ஒரு நூல் இறங்கினால் என்ன ஆகும் என்று உனக்கு அங்கேயே சொல்லியிருக்கிறேன். எண்ணெய் தூக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தூக்கியதைத் தாங்கிக்கொண்டு நிற்பது இரும்பின் வேலை. இதை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "தெரியும்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாய்.

உன் வண்டியைச் செய்தவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. பிக்கப் முதுகில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்ன வீட்டின் கூரை, ஓடும்போது தாழ்ந்திருக்க வேண்டும், நிறுத்தியதும் எழும்ப வேண்டும். அதற்கு மூலைக்கு ஒரு சிலிண்டர். டிரைவர் தலைக்கு மேலே படுக்கை. கூரை இறங்கிவிட்டால் அந்தப் படுக்கைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு தலையணைக்குத்தான் இடம். அதனால் ஒவ்வொரு சிலிண்டர் பக்கத்திலும் ஒரு இரும்புத் தாங்கி, தாங்கியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் செருக ஒரு பூட்டுக் கம்பி. கம்பியைச் செருகிவிட்டால் எண்ணெய் முழுக்க ஒழுகினாலும் கூரை அசையாது. எந்த வேலைக்கும் முன்னால் அதைச் செருகலாம் என்று தேடுகிறேன், கம்பி எதையும் காணோம். முன் இடது தாங்கியின் ஓட்டையில் என்ன தொங்கியது தெரியுமா? எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். திருஷ்டிக்குக் கோத்தது. காய்ந்து கறுத்துப்போய், ஓட்டை வழியாகக் கறுப்புக் கயிற்றை விட்டு அழகாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது.

அந்த முடிச்சு யார் போட்டது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் கொடி கட்டுகிற முடிச்சு அது. சாயங்காலம் உன் அப்பாவைக் கேட்டேன். வடபழனி கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்குக் கட்டியதாம். "ஓட்டை சும்மாதானே இருந்துது" என்கிறார் உன் அப்பா. ஏன் சும்மா இருந்தது? ஈசிஆரில் ஓட்டும்போது கம்பிகள் கடகடவென்று சத்தம் போடுகின்றன என்று நீ நாலையும் உருவி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டாய். சத்தம் உனக்குத் தொந்தரவு. மகன் கம்பியை உருவுகிறான், அப்பா அந்த ஓட்டையில் எலுமிச்சம்பழம் கட்டுகிறார், ரெண்டு பேரும் கற்பூரம் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டிக்கு இனி ஒரு குறையும் வராது என்று வீட்டுக்கு வந்து வடை சாப்பிட்டிருக்கிறீர்கள். சாமியை நான் குறை சொல்லவில்லை. கம்பி போக வேண்டிய ஓட்டையில் பழத்தைக் கட்டு என்று அவர் சொல்லவே இல்லை.

கூரைக்கு நாலு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, எண்ணெய்த் தொட்டியைத் திறந்தேன். திறந்ததும் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. ஹைட்ராலிக் ஆயிலில் அந்த வாசனை வராது. விரலில் தொட்டுப் பார்த்தேன். பிரேக் ஆயில். முன் இடது சிலிண்டரைக் கழற்றி, உள்ளே ஏறி இறங்குகிற ராடை உருவினேன். ராடில் நீளமாக ஒரு கீறல், கடற்கரை மணல் உள்ளே போய் அறுத்தது. கசிவுக்குக் காரணம் அதுதான். அது ஒரு சின்ன ரிப்பேர். ஆனால் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் இருக்கிறதே, அது ஊறவைத்த அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் பிய்ந்து வந்தது. மற்ற மூன்றிலும் அதே கதி. அந்த ரப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஆகாது. ஊற்றினதும் சீல் உப்பிக்கொள்ளும், உப்பியதால் கசிவு நின்ற மாதிரி இருக்கும், ஊற்றினவன் தன்னைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்துக்கொள்வான். கொஞ்ச நாளில் குழைந்து கிழியும். நீ ஒரு நாள் போனில், "நானே சரி பண்ணிட்டேம்மா, இப்ப இறங்கறதே இல்ல" என்று சிரித்தாயே, அது இதுதானா?

இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தத் தொட்டியில் எண்ணெய் அப்படி ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூரையை ஏற்றி வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறாய். ஏற்றினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும், தொட்டி காலியாகத்தான் தெரியும். இறக்கி வைத்துப் பார்த்திருந்தால் நிறைய இருந்திருக்கும். கூரை இறங்குகிறது என்று நீ முதல் தடவை சொன்னபோதே நான் வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். உனக்கு அதுவரைக்கும் பொறுக்கவில்லை. காருக்கு வாங்கி மிச்சம் வைத்த டப்பா கையில் இருந்தது, எண்ணெய் எண்ணெய்தானே என்று ஊற்றிவிட்டாய். தெரியாமல் செய்ததற்குத் திட்டியிருப்பேன், ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பேன், விட்டிருப்பேன். இதற்காக உட்கார்ந்து கடிதம் எழுதமாட்டேன்.

வண்டிக்குள்ளே படுக்கைக்கு அடியில் ஒரு சவுக்குக் கட்டை கிடந்தது. கட்டையின் ஒரு முனையில் கூரைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தது என்றால் என்ன அர்த்தம்? மறுபடியும் இறங்க ஆரம்பித்திருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கிறது, நீ கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறாய். கம்பிகள் சீட்டுக்கு அடியில்தான் கிடந்தன. கை நீட்டினால் எட்டும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். டிரைவர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் நித்யாவின் கை ஞாபகம் வந்தது. அந்த வண்டியின் கதவைப் போய்ச் சாத்திப் பார்த்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. அதில் விரல் மாட்டினால் வலிக்கும், எலும்பு உடையாது.

வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நித்யா சாப்பாட்டு மேஜையில் இடது கையால் யாழினிக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். பிய்ந்த சீலை ஒரு காகிதத்தில் வைத்து அவள் எதிரே வைத்தேன். "கதவு இல்ல அத்தை" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோவளம் தாண்டி நிறுத்தியிருந்தீர்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குழந்தை மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தது. நீ மீன் வறுவல் வாங்கப் போயிருந்தாய். கட்டை நழுவி விழுந்த சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்க்கும்போது அந்த மூலை இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையைக் கூரைக்கு அடியில் கொடுத்து நெம்பிக்கொண்டு இடது கையால் குழந்தையைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். குழந்தை வந்துவிட்டது. கை வரவில்லை. பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கூரையைத் தூக்கிவிட்டார்கள். ரெண்டு விரல் முறிந்திருக்கிறது. நீ திரும்பி வந்தபோது உன் கையில் பொட்டலம் இருந்தது என்று சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ முதலில் போன் செய்தது உன் அப்பாவுக்கு. அவர் சொன்னது, "அம்மாகிட்ட சொல்லாத, ஆடித் தீர்த்துடுவா. கதவுன்னு சொல்லிடு." ரெண்டு பேரும் சேர்ந்து பொய்யைத் தயார் பண்ணி அவள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஆடுவேன், உண்மைதான். நான் ஆடினால் உனக்கு என்ன போய்விடும்? காது கொஞ்ச நேரம் வலிக்கும். அதற்குப் பயந்து அவளைப் பொய் சொல்ல வைத்தாயா?

நீ சின்னப் பையனாக இருந்தபோது கோடையில் சம்ப் காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய். மோட்டார் புகைந்து எரிந்தது. வோல்டேஜ் என்றாய். உன் அப்பாவும் ஆமாம், வோல்டேஜ் என்றார். காயிலைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, திட்டினேன். அழுதாய். அப்பா உன்னை பாண்டிபஜாருக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் எது உடைந்தாலும் நீ முதலில் அப்பாவிடம் போவாய், ரெண்டு பேரும் ஒரு காரணத்தோடு என்னிடம் வருவீர்கள். பக்கத்து வீட்டு சைக்கிள், என் மல்டிமீட்டர், காலேஜில் அரியர். ஒவ்வொரு தடவையும் நான் கண்டுபிடிப்பேன், அடுத்த தடவை உங்கள் காரணம் இன்னும் நன்றாக இருக்கும். வேடிக்கையாகத்தான் இருந்தது, உடைந்ததெல்லாம் சாமானாக இருந்த வரைக்கும். உன் அப்பாவிடம் நான் மூன்று நாளாகப் பேசவில்லை. காபியை அவரே போட்டுக்கொள்கிறார். அது குடிக்கிற மாதிரி இல்லை என்று அவருக்கே தெரிகிறது.

நித்யா என்ன வேலை பார்க்கிறாள் என்று யோசித்துப் பார்த்தாயா? மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். நீயும் நானும் வாயால் பேசுகிறோம். அவள் அங்கே பேசுவது விரலால். கட்டோடு போன முதல் நாள் பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு டீச்சர் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்களாம். அவள் இடது கையால், பாதி உடைந்த பாஷையில், கதவு என்று சொல்லியிருக்கிறாள். ஒரு சின்னப் பெண் எந்தக் கதவு, எப்படிச் சாத்தியது என்று விடாமல் கேட்டாளாம். இவள் கதவு சாத்திய மாதிரி செய்தே காட்டியிருக்கிறாள். "வாயால சொல்லியிருந்தா பரவாயில்ல அத்தை. கையால சொன்னேன்" என்றாள். நீ ஊற்றிய எண்ணெயைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் திரும்பிப் போய் வேலையை முடித்தேன். கோபத்தில் வேலை நன்றாகவே நடந்தது. பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்து, புது எண்ணெய் ஊற்றிக் கழுவி, அதையும் கொட்டினேன். கீறல் விழுந்த ராடைப் போட்டுவிட்டு லேத்தில் வேறு ராடு கடைந்து வாங்கினேன். ரப்பர் ஹோஸிலும் பிரேக் ஆயில் ஊறியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றினேன். கூரையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினேன். பூட்டுக் கம்பி ஒவ்வொன்றுக்கும் சங்கிலி போட்டுத் தாங்கியோடு வெல்டிங் பண்ணியிருக்கிறேன், இனி உருவிச் சீட்டுக்கு அடியில் போட முடியாது. சத்தம் வராமல் இருக்க ரப்பர் உறை போட்டிருக்கிறேன். அதற்கு வழி இவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இன்று நித்யா வடபழனிக்கு வந்தாள். நானே செய்து பார்க்கிறேன் என்றாள். இடது கையால் பம்ப் அடித்துக் கூரையை ஏற்றினாள், நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகச் செருகினாள், பிறகு இறக்குகிற வால்வை முழுசாகத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றாள். எண்ணெயெல்லாம் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. கூரை அப்படியே நின்றது. டிரைவர்கள்கூட வந்து பார்த்தார்கள். அவள் உள்ளே போய் அந்த மேல் படுக்கையில், குழந்தை படுத்திருந்த இடத்தில், கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். இறங்கி வந்து என்னிடம், "கூரைய நம்பலாம் அத்தை. அவர எத வச்சு நம்பறது?" என்றாள்.

உன்னைப் பெற்றவள் நான். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவன் நல்லவன்தான், பயந்துவிட்டான், குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கிறான் என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவள் கேட்டது அதையல்ல. அடுத்த தடவை ஏதாவது ஒன்று கசியும்போது, வண்டியிலோ வீட்டிலோ, நீ அவளிடம் சொல்வாயா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு அம்மா மருமகளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? என்னை அப்படிச் சொல்ல வைத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

ஆகவே ஏற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. கூட வருவதாக இருந்த உன் சிநேகிதன் வீட்டாரிடம் காரணத்தை நீயே சொல்லு, உள்ள காரணத்தை. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம், உன் அப்பாவைத் தூது அனுப்ப வேண்டாம். நித்யா ஒன்றே ஒன்று கேட்கிறாள். திங்கட்கிழமை காலையில் நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அவள் வகுப்பில் நின்று, அது கதவு இல்லை, நான் செய்த தப்பு, டீச்சரைப் பொய் சொல்லச் சொன்னதும் நான் என்று நீ சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அங்கே யாருக்கும் கேட்காது, கையால்தான் சொல்ல வேண்டும். எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே காட்டித் தருவாளாம். கையை எப்படியும் கற்றுக்கொண்டுவிடலாம், பிள்ளைகள் அதைவிட முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.